குரலைப் பார்த்துக் கதையை எடுங்கள்: ஒலிப்புத்தகம் கேட்கத் தொடங்குபவர்களுக்கு

நான் கேட்ட முதல் துப்பறியும் ஒலிப்புத்தகத்தில் கொலைகாரனை மூன்றாம் அத்தியாயத்திலேயே கண்டுபிடித்துவிட்டேன். அதில் என் மூளைக்கு எந்தப் பங்கும் இல்லை. கதையில் நள்ளிரவில் ஒரு தொலைபேசி மிரட்டல் வருகிறது. மிரட்டியது ஆணா பெண்ணா என்றுகூடச் சொல்லாமல், "மறுமுனையில் ஒரு குரல் சொன்னது" என்று எழுதிவிட்டு எழுத்தாளர் சாமர்த்தியமாக ஒதுங்கிக்கொண்டார். வாசித்தவரால் அப்படி ஒதுங்க முடியவில்லை. ஏதாவது ஒரு குரலில் அவர் பேசித்தானே ஆக வேண்டும்? தொண்டையை லேசாகச் செருமிக்கொண்டு, மூக்கடைத்த கட்டைக் குரலில் மிரட்டினார். இரண்டு காட்சிகள் கழித்துக் குடும்ப வக்கீல் உள்ளே வந்து, அதே செருமலோடும் அதே மூக்கடைப்போடும், "மழை விட்டுவிட்டதா?" என்று கேட்டார். மிச்சமிருந்த ஒன்பது மணி நேரமும் அந்த வீட்டில் எல்லோரும் எல்லோரையும் சந்தேகித்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் வக்கீலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அச்சுப் புத்தகத்தில் எழுத்தாளருக்கும் நமக்கும் நடுவே யாரும் இல்லை. ஒலிப்புத்தகத்தில் ஒருவர் இருக்கிறார். எந்தச் சொல்லில் அழுத்தம், எந்த மனிதர்மேல் இரக்கம், எங்கே ஒரு கணம் மௌனம் என்றெல்லாம் நமக்கு முன்பே முடிவெடுத்துவிட்டு மைக்குக்கு முன்னால் உட்கார்ந்தவர் அவர். நம் காதில் விழுவது அவர் படித்த கதை. அதனால்தான், எந்தப் புத்தகத்தில் தொடங்கலாம் என்று கேட்பவர்களிடம் யார் வாசித்ததில் தொடங்கலாம் என்று கேட்கச் சொல்கிறேன். கீழே வரும் படிகள் எல்லாமே அந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான். சில படிகளில் நீண்ட நேரம் நிற்பேன், சிலவற்றை ஒரே தாவலில் கடந்துவிடுவேன்.

முதல் படி: தெரிந்த கதையில் தொடங்குங்கள்

வருடக்கணக்கில் படிக்காமல் தள்ளிப்போட்டு வந்த ஆயிரம் பக்க நாவலைத்தான் புதியவர்கள் பெரும்பாலும் முதலில் எடுக்கிறார்கள். காதால் கேட்டாவது முடித்துவிடலாம் என்று ஒரு நப்பாசை. முடியாது. கண்ணுக்குக் கடினமாக இருந்தது காதுக்கு இன்னும் கடினமாகத்தான் இருக்கும். படிக்கும்போது குழம்பினால் கண் தானாக இரண்டு வரி மேலே போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பும், போய்வந்தது நமக்கே தெரியாது. குரல் அப்படிக் காத்திருக்காது. நாம் ஒரு வாக்கியத்தில் தடுக்கி எழுவதற்குள் அது அடுத்த பத்திக்குப் போயிருக்கும்.

நேரக் கணக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆங்கில ஒலிப்புத்தகத் தொழிலில் ஒரு மணி நேரப் பதிவுக்குச் சுமார் 9,300 சொற்கள் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒரு லட்சம் சொற்கள் கொண்ட நாவல் என்றால் பதினோரு மணி நேரத்தை நெருங்கும். தமிழில் வேற்றுமை உருபும் துணைவினையும் ஒட்டிக்கொண்டு சொற்கள் நீளமாக இருப்பதால், அதே எண்ணிக்கைச் சொற்களுக்கு நேரம் இன்னும் கூடும். தினமும் அரை மணி நேரம் கேட்பவருக்குப் பதினோரு மணி நேரம் என்பது மூன்று வாரத்துக்கு மேல். அதற்குள் பாதிப் பாத்திரங்களின் பெயர்கள் மறந்துவிடும்.

எனவே முதல் புத்தகம் நீங்கள் முன்பே படித்து ரசித்ததாக இருக்கட்டும். மூன்று முதல் ஆறு மணி நேரத்துக்குள் முடிவது நல்லது. அடுத்து என்ன நடக்கும் என்ற பரபரப்பு இல்லாததால், கவனம் முழுவதும் குரல்மேல் போகும். நீங்கள் கோபமாகப் படித்த ஒரு வசனத்தை இவர் களைப்பாகச் சொல்வார். சில நேரம் எரிச்சல் வரும். சில நேரம், அந்த வசனம் களைப்பில்தான் சொல்லப்பட்டிருக்க வேண்டும் என்று உறைக்கும். எனக்கு இரண்டாவது அனுபவம் வாய்த்த அன்றுதான் ஒலிப்புத்தகம் பிடித்துப்போனது.

தன்மையில் சொல்லப்பட்ட கதைகள் தொடக்கத்துக்கு மிகப் பொருத்தமானவை. ஒரு மனிதர் தன் கதையைச் சொல்கிறார், ஒரு குரல் அதைப் பேசுகிறது, குழப்பமே இல்லை. தாத்தாவின் பெயரையே பேரனுக்கும் வைத்திருக்கும் மூன்று தலைமுறை நாவல், அடிக்குறிப்புகள் நிறைந்தது, காலத்தில் முன்னும் பின்னும் தாவுவது, வரைபடத்தைப் புரட்டிப் பார்த்தால்தான் புரிகிறது என்ற வகை ஆகியவற்றை ஒரு வருடம் கழித்து எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டாம் படி: மாதிரியைச் சோதியுங்கள்

சில நிமிட மாதிரியைப் பெரும்பாலான செயலிகள் இலவசமாகத் தருகின்றன. புதியவர்கள் அதை முப்பது விநாடி கேட்டுவிட்டு, "குரல் இனிமையாக இருக்கிறது" என்று வாங்கிவிடுகிறார்கள். குரல் இனிமை பெரிய விஷயமே இல்லை. நான் கேட்டவர்களில் மிகச் சிறந்த இரண்டு மூன்று பேருக்குச் சாதாரணக் குரல்தான். ஒருவருக்குச் சற்றுக் கீச்சுக் குரல்கூட. எதைக் கவனிக்க வேண்டும் என்று சொல்கிறேன்.

முதலில், வாக்கியம் எங்கே போய் முடியப்போகிறது என்பது வாசிப்பவருக்குத் தெரிந்திருக்கிறதா? தமிழில் வினைமுற்று கடைசியில் வருகிறது. "கதவைத் திறந்து, விளக்கைப் போட்டு, மேசையில் கிடந்த கடிதத்தைப் பிரித்து, முதல் வரியைப் படித்ததும் அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்" என்ற வாக்கியத்தில் குரல் 'உட்கார்ந்துவிட்டாள்' வரை தாழாமல் நிற்க வேண்டும். தயாராகாமல் வந்தவர் 'போட்டு' என்ற இடத்திலேயே குரலை இறக்கி முற்றுப்புள்ளி வைத்துவிடுவார். பிறகு மறுபடி ஏறுவார், மறுபடி இறங்குவார். அரை மணி நேரத்தில் மேடுபள்ளச் சாலையில் போனதுபோல் தலை வலிக்கும். எதனால் வலிக்கிறது என்று தெரியாமல், ஒலிப்புத்தகமே தனக்கு ஒத்துவரவில்லை என்று பலர் இந்த இடத்தில்தான் விட்டுவிடுகிறார்கள்.

அடுத்தது உரையாடல். மாதிரியில் உரையாடல் வரும்வரை பொறுமையாக இருங்கள், ஏனென்றால் தொடக்க வர்ணனையை எல்லோரும் நன்றாகத்தான் வாசிப்பார்கள். தமிழில் பேச்சு முதலில் வருகிறது, அது எப்படிப் பேசப்பட்டது என்பது பிறகுதான் வருகிறது. "இனிமேல் இந்த வீட்டுப் படி ஏற மாட்டேன்" என்று முழங்கிவிட்டு, அடுத்து 'என்று முணுமுணுத்தான்' என்பதைப் பார்த்தவுடன் தடுமாறிக் குரலைச் சுருக்கும் வாசிப்பாளர்களைக் கேட்டிருக்கிறேன். முன்கூட்டியே படித்துவந்தவர் அந்த முணுமுணுப்பை முதல் சொல்லிலேயே கொடுத்துவிடுவார். புத்தகத்தை மதித்து வாசிக்கிறாரா, கூலிக்கு வாசிக்கிறாரா என்று கண்டுபிடிக்க இதைவிட எளிய சோதனை எனக்குத் தெரியாது.

மூன்றாவது, எதிர்ப்பாலினத்தவரின் குரல். ஆண் வாசிப்பாளர் பெண் பாத்திரத்துக்காகக் குரலை மெல்லியதாக இழுத்து நெளிந்தாலோ, பெண் வாசிப்பாளர் ஆணுக்காகத் தொண்டையைக் கட்டைபோல் ஆக்கிக்கொண்டாலோ, அந்தப் பாத்திரம் வரும்போதெல்லாம் கேலிச்சித்திரம்தான் கண்ணில் தெரியும். தேர்ந்தவர்கள் சுருதியை மாற்றுவதே இல்லை என்று சொல்லலாம். வேகத்தை மாற்றுவார்கள். அவசரக்காரனுக்குச் சொற்கள் முட்டிக்கொள்ளும், யோசிப்பவளுக்கு வாக்கியத்தின் நடுவே சிறு இடைவெளி விழும். அதுவே போதும், யார் பேசுகிறார் என்று காது பிடித்துக்கொள்ளும். குழந்தைப் பாத்திரங்களில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். மழலை பேசினால் குழந்தை வந்துவிடும் என்ற நம்பிக்கையை யார் பரப்பினார்களோ தெரியவில்லை. பத்து வயதுப் பிள்ளைகள் மழலை பேசுவதில்லை.

நான்காவது தமிழுக்கே உரிய சிக்கல். கதையின் வர்ணனை எழுத்துத் தமிழிலும் பேச்சு பேச்சுத் தமிழிலும் இருக்கும். ஒரே மூச்சில் இரண்டுக்கும் நடுவே போய்வர வேண்டும். சிலர் பேச்சையும் செய்தி அறிக்கைபோல் வாசித்துவிடுகிறார்கள். வேறு சிலர் இன்னும் மோசம். வர்ணனையின் வினைமுற்றுகளைத் தாங்களாகவே பேச்சு வடிவத்துக்கு மாற்றி, எழுத்தாளர் கட்டிய வாக்கியத்தைக் கலைத்துவிடுகிறார்கள். இதோடு ழகர, ளகர, லகர வேறுபாட்டையும் பாருங்கள். பண்டிதத்தனத்துக்காகச் சொல்லவில்லை. "அவள் தன் வழியைச் சொன்னாள்" என்பதும் "அவள் தன் வலியைச் சொன்னாள்" என்பதும் ஒரு காதல் கதையில் ஒன்றாகுமா? அச்சில் எழுத்து காப்பாற்றிவிடும். இங்கே நாக்கு ஒன்றுதான் துணை.

கடைசியாக, இயர்போன் மாட்டி ஒருமுறை கேளுங்கள். வாயில் எச்சில் சொடுக்கும் ஓசை, மூச்சை இழுக்கும் ஓசை, அறையின் எதிரொலி எல்லாம் அப்போதுதான் தெரியும். தொழில்முறை வாசிப்பாளர்கள் இதற்காக நிறைய மெனக்கெடுகிறார்கள். சலசலக்கும் துணி அணிய மாட்டார்கள். வயிறு உறுமினால் மைக் அதையும் பிடித்துவிடும் என்பதால் பசியோடு உட்கார மாட்டார்கள். எச்சில் சொடுக்குக்குப் பச்சை ஆப்பிள் துண்டு கடிப்பது அவர்களிடையே பிரபலமான வைத்தியம். ஏ.சி.எக்ஸ். என்ற ஒலிப்புத்தகத் தளம், பின்னணி இரைச்சல் மைனஸ் 60 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது என்று விதியே வைத்திருக்கிறது. பிழை வந்தால் சில விநாடிகள் பின்னே போய், அங்கிருந்து மேலேயே பதிவுசெய்து தொடர்வார்கள். புத்தகம் முடிந்தபின் கண்டுபிடிக்கப்படும் பிழைகளை வேறொரு நாளில் பதிந்து ஒட்டுவார்கள். ஒட்டியது சரியில்லை என்றால், ஒரு வாக்கியம் மட்டும் வேறு அறையிலிருந்து வருவதுபோல் கேட்கும். பழைய சுவரில் புதுப் பூச்சு பூசிய இடம்போல. ஓரிரு இடங்களில் இருந்தால் மன்னித்துவிடலாம்.

மூன்றாம் படி: ஒரு குரலா, பல குரலா?

ஒலிப்புத்தகங்களின் வரலாறு பார்வையற்றவர்களிடமிருந்து தொடங்குகிறது. எடிசன் 1877-இல் ஃபோனோகிராஃபைக் கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டே, அதனால் என்னென்ன செய்யலாம் என்று அவர் போட்ட பட்டியலில் பார்வையற்றோருக்கான பேசும் புத்தகமும் இருந்தது. ஆனால் ஒரு நாவலை அடக்கும் அளவுக்கு இசைத்தட்டு வளர இன்னும் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. பிரிட்டனில் 1935-இல் பார்வையற்றோருக்காக வெளியான முதல் பேசும் புத்தகங்களில் ஒன்று அகதா கிறிஸ்டியின் 'தி மர்டர் ஆஃப் ரோஜர் அக்ராய்ட்'. ஒரு பக்கத்துக்கு இருபத்தைந்து நிமிடம் ஓடும் தட்டுகள், ஒரு நாவலுக்குச் சுமார் பத்துத் தட்டுகள். அந்த நாவலைப் படித்தவர்களுக்கு மட்டும் இந்தத் தேர்வில் உள்ள குறும்பு புரியும். கதை சொல்பவரின் குரலை எவ்வளவு நம்பலாம் என்பதுதான் அதன் உயிர்நாடி. படிக்காதவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

இன்று இரண்டு துருவங்கள் இருக்கின்றன. ஒரு பக்கம் ராய் டாட்ரிஸ். ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் 'எ கேம் ஆஃப் த்ரோன்ஸ்' நாவலை வாசித்தபோது 224 பாத்திரங்களுக்குக் குரல் கொடுத்து, கின்னஸ் சாதனைப் பட்டியலில் இடம்பெற்றவர். இன்னொரு பக்கம் ஜார்ஜ் சாண்டர்ஸின் 'லிங்கன் இன் தி பார்டோ'. 2017-இல் வந்த அதன் ஒலிப்புத்தகத்தில் 166 பேர் குரல் கொடுத்திருக்கிறார்கள். ஒரே மனிதர் ஒரு கூட்டமாவதும், ஒரு நாவல் முழு அரங்கமாவதும் இந்தக் கலைக்குள் நடக்கின்றன.

புதியவர்களுக்கு என் பரிந்துரை ஒற்றைக் குரல். இதில் எனக்குச் சாய்வு உண்டு, ஒப்புக்கொள்கிறேன். பல குரல்களோடு பின்னணி இசையும் கதவுச் சத்தமும் இடியோசையும் சேர்ந்துவிட்டால் அது வானொலி நாடகம். வானொலி நாடகம் நல்ல கலைதான், ஆனால் வேறு கலை. மழை பெய்தது என்று எழுத்தாளர் அரைப் பக்கம் எழுதியிருக்கும்போது பின்னணியில் உண்மையாகவே மழையைக் கொட்டினால், அந்த அரைப் பக்கத்துக்கு என்ன வேலை? சோகமான இடத்தில் புல்லாங்குழல் ஒலித்தால் நான் உடனே நிறுத்திவிடுவேன். எங்கே அழ வேண்டும் என்று எனக்கே தெரியும்.

விதிவிலக்குகள் உண்டு. ஒரு அத்தியாயம் கணவன் சொல்வது, அடுத்தது மனைவி சொல்வது என்று மாறிமாறி வரும் நாவலுக்கு இரண்டு வாசிப்பாளர்கள் மிகப் பொருத்தம். அங்கேயும் ஒரு விஷயம் கவனியுங்கள். கணவனின் அத்தியாயத்தில் மனைவி பேசும் வரியை ஆண் வாசிப்பாளரே பேசுவார். அவர் பேசும் மனைவி எரிந்துவிழுபவளாக இருப்பாள். அடுத்த அத்தியாயத்தில் அதே வரியைப் பெண் வாசிப்பாளர் பேசும்போது அது கெஞ்சலாக இருக்கும். யார் சொல்வது உண்மை என்ற கேள்வி குரலிலேயே எழுந்துவிடும். இது கண்ணால் படிக்கும்போது கிடைக்காத ஒன்று.

எதிர்த்திசையில் ஒரு எச்சரிக்கை. ஆளை மறைக்கும் கதைகளில் ஒற்றைக் குரல் சிக்கலில் மாட்டிக்கொள்ளும், என் வக்கீல் கதையைப்போல. 'அவர் வந்தார்' என்று எழுதி, வந்தவர் ஆணா பெண்ணா என்பதை இருபது பக்கம் மறைக்கத் தமிழ் நன்றாகவே வசதி செய்து கொடுத்திருக்கிறது. அந்த 'அவர்' வாயைத் திறந்தவுடன் ஒலிப்புத்தகத்தில் குட்டு உடைந்துவிடும். துப்பறியும் கதைகளை அடக்கி வாசிப்பவரிடம் மட்டுமே கேளுங்கள். பாத்திரத்துக்கு ஒரு குரல் என்று வித்தை காட்டுபவரிடம் வேண்டாம்.

நான்காம் படி: அட்டையில் உள்ள பெயரில் மயங்காதீர்கள்

'எழுத்தாளரே வாசித்தது' என்றால் ஆர்வமாகத்தான் இருக்கும். 1952-இல் நியூயார்க்கில் கேட்மன் என்ற சிறு நிறுவனத்தைத் தொடங்கிய இரண்டு இளம் பெண்கள், கவிஞர் டிலன் தாமஸைப் பதிவுக்கு அழைத்துவந்தார்கள். தட்டின் ஒரு பக்கத்துக்குக் கவிதைகள் இருந்தன. மறுபக்கத்தை நிரப்ப அவர் முன்பு எழுதிய ஒரு கிறிஸ்துமஸ் நினைவுக் கதையை வாசித்தார். இடத்தை நிரப்ப வந்த அந்தக் கதைதான் பிறகு பெரும் புகழ் பெற்றது. ஆனால் டிலன் தாமஸ் மேடையில் வாசித்துப் பழகியவர். எல்லா எழுத்தாளர்களும் அப்படியில்லை. தம் வாக்கியங்களை மனத்துக்குள் ஆயிரம் முறை கேட்டுவிட்டவர், அவை மற்றவர்களுக்குப் புதியவை என்பதை மறந்து வேகமாகக் கடந்துபோய்விடுவார். தன் வாழ்க்கையை எழுதியவர் தானே வாசித்தால் கேட்கலாம். நாவல் என்றால் மாதிரியைக் கேட்காமல் எடுக்காதீர்கள்.

புகழ்பெற்ற நடிகர்கள் வாசித்தால் வேறொரு தொல்லை. நாயகன் பேசும்போதெல்லாம் அந்த நடிகரின் முகம் வந்து நிற்கும். மேலும், இரண்டு நிமிடக் காட்சிக்குப் பழகிய மூச்சு பத்து மணி நேரத்துக்குத் தாங்காது. எட்டாவது மணி நேரத்தில் அவர் களைத்துப்போவது நன்றாகவே கேட்கும். நீண்ட தூரம் ஓடத் தெரிந்த நடிகர்களும் இருக்கிறார்கள், நாடக மேடையிலிருந்து வந்தவர்கள் பெரும்பாலும் அந்த வகை.

இயந்திரக் குரல்கள் இப்போது நிறைய வருகின்றன. 2023 தொடக்கத்தில் ஆப்பிள் நிறுவனம் தன் புத்தகக் கடையில் இயந்திரம் வாசித்த ஒலிப்புத்தகங்களைச் சத்தமில்லாமல் அறிமுகப்படுத்தியது. யாரும் பதிவுசெய்ய முன்வராத புத்தகத்துக்கு அது ஒரு வழி என்பதை மறுக்க மாட்டேன். பார்வையற்றவர்கள், திரையில் உள்ளதைப் படித்துக்காட்டும் திரைவாசிப்பான் மென்பொருளின் குரலிலேயே நாவல்களைப் படித்துவருகிறார்கள். அந்தத் தட்டையான குரலுக்கு மேல் தாங்களே உணர்ச்சியைப் போட்டுக்கொள்வதாக அவர்களில் சிலர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. என் குறை வேறு. இயந்திரம் ஒவ்வொரு வாக்கியத்தையும் சரியாக வாசிக்கும், ஆனால் முப்பதாவது பக்கத்தில் சொன்ன பொய்யை நினைவில் வைத்துக்கொண்டு முன்னூறாவது பக்கத்தில் தயங்காது. முதல் புத்தகத்துக்கு மனிதக் குரலையே எடுங்கள்.

சுருக்கப் பதிப்பு என்று போட்டிருந்தால் தவிர்த்துவிடுங்கள். இரண்டு கேசட்டுக்குள் மூன்று மணி நேரத்தில் நாவலை அடைத்தாக வேண்டியிருந்த காலத்தின் மிச்சம் அது. இன்று அதற்குத் தேவையே இல்லை.

ஐந்தாம் படி: கேட்கும் பழக்கம்

உட்கார்ந்த இடத்தில் சும்மா கேட்பது பெரும்பாலோருக்கு வராது. பத்து நிமிடத்தில் கை தானாகக் கைபேசியைத் தேடும். கைக்கு வேலை இருக்க வேண்டும், சொற்களுக்கு வேலை இருக்கக் கூடாது. துணி மடிப்பது, பாத்திரம் கழுவுவது, நடப்பது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது எல்லாம் பொருத்தமானவை. கடிதம் எழுதுவது, கணக்குப் பார்ப்பது, இன்னொருவருக்குப் பதில் அனுப்புவது எல்லாம் ஆகாது. மூளையில் சொற்களுக்கு இருப்பது ஒரே வாசல். சாலையில் நடக்கும்போது ஒரு காதை வெளியே விட்டுவையுங்கள்.

வேகம் பற்றி எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. இரண்டு மடங்கு வேகத்தில் மாதத்துக்கு இருபது நாவல் கேட்டதாகப் பெருமை பேசுபவர்களிடம், எந்த வாசிப்பாளர் பிடித்தது என்று கேட்டுப்பாருங்கள், பதில் வராது. "அவன் திரும்பி வரவில்லை" என்று சொல்லிவிட்டு வாசிப்பாளர் விடும் ஒன்றரை விநாடி மௌனத்தை அவர் யோசித்து வைத்திருக்கிறார். வேகத்தைக் கூட்டினால் முதலில் சாவது அதுதான். வாசிப்பு உண்மையிலேயே மந்தமாக இருந்தால் 1.1 அல்லது 1.2 வரை போகலாம். அதற்கு மேல் வேண்டியிருக்கிறது என்றால் குரலை மாற்றுங்கள்.

பதினைந்து அல்லது முப்பது விநாடி பின்னே போகும் பொத்தானைக் கூச்சப்படாமல் பயன்படுத்துங்கள். ஒரே இடத்துக்கு மூன்று முறை பின்னே போக வேண்டியிருந்தால் அணைத்துவிடுங்கள், களைப்பாக இருக்கிறீர்கள். இரவில் கேட்பவர்கள் தானாக நிற்கும் டைமரை வைத்துக்கொள்ளுங்கள். நான் அது இல்லாமல் தூங்கிப்போய் விழித்தபோது, கதாநாயகிக்குத் திருமணமாகி இரண்டு குழந்தைகள் இருந்தன. மாப்பிள்ளை யார் என்று தெரிந்துகொள்ள நான்கு மணி நேரம் பின்னே போக வேண்டியிருந்தது.

பெயர்களை ஒரு சீட்டில் குறித்துவையுங்கள், முக்கியமாக மொழிபெயர்ப்பு நாவல்களில். ரஷ்ய நாவலில் ஒரே ஆளுக்கு மூன்று பெயர் இருப்பதை அச்சிலேயே சமாளிக்க முடியாது. இரண்டாம் மணி நேரம் வரை ஒரே மனிதரை இரண்டு சகோதரர்கள் என்று நினைத்துக் கேட்டிருக்கிறேன். கதை அப்படியும் நன்றாகத்தான் இருந்தது.

ஆறாம் படி: எப்போது விடுவது?

புதுக் குரல் முதல் கால் மணி நேரம் உறுத்தத்தான் செய்யும், புதுச் செருப்பைப்போல. எனவே அரை மணி நேரம் கொடுங்கள். பழக்கமின்மையால் வந்த உறுத்தல் என்றால் அதற்குள் மறைந்துவிடும். வாசிப்பில் குறை இருந்தால் அது அதற்குள் வளர்ந்திருக்கும், குரலை இறக்கும் ஒவ்வொரு இடத்துக்கும் நீங்கள் முன்கூட்டியே காத்திருக்கத் தொடங்கியிருப்பீர்கள். அப்போது நிறுத்திவிட்டு அச்சில் வாங்குங்கள். மோசமான வாசிப்பாளரால் ஒரு நல்ல நாவல்மேல் வெறுப்பு வந்துவிட்டால், அதைப் போக்குவது மிகக் கடினம்.

சில நாவல்களுக்கு எந்தக் குரலும் பொருந்தாது. ஒரு பக்கத்தை மூன்று முறை படிக்கத் தூண்டும் அடர்த்தியான உரைநடை, பக்க அமைப்பிலேயே விளையாடும் சோதனை முயற்சிகள் எல்லாம் கண்ணுக்கானவை. அவற்றைக் காதுக்கு இழுத்துவர வேண்டாம்.

செலவில்லாமல் பழக விரும்புபவர்களுக்கு லிப்ரிவாக்ஸ் இருக்கிறது. 2005-இல் தொடங்கிய தன்னார்வலர்களின் முயற்சி இது. காப்புரிமை முடிந்த புத்தகங்களை உலகெங்கும் உள்ளவர்கள் வாசித்து இலவசமாக வைத்திருக்கிறார்கள். அங்கே ஒரே நாவலை அத்தியாயத்துக்கு ஒருவராகப் பலர் வாசித்திருப்பார்கள். கதாநாயகனின் குரல் பத்து முறை மாறும். 'ஒருவரே வாசித்தது' என்று குறிப்பிட்டவற்றைத் தேடி எடுங்கள். தரம் சீராக இருக்காது, ஆனால் ஒரு கூலியும் வாங்காமல் நாற்பது மணி நேர நாவலை ஒருவர் ஆசையாக வாசித்திருப்பதைக் கேட்கும்போது, பின்னணியில் குரைக்கும் நாயை நான் பொருட்படுத்துவதில்லை. இரண்டாம் படியில் சொன்ன சோதனைகளைப் பழகிப்பார்க்க இதைவிட நல்ல இடமும் இல்லை.

ஏழாம் படி: வாசிப்பாளரைப் பின்தொடருங்கள்

முதல் புத்தகம் முடிந்ததும் கடைசி அறிவிப்பை அணைக்காமல் கேளுங்கள். வாசித்தவர் பெயர் வரும். அதைக் குறித்துக்கொண்டு, அவர் வாசித்த மற்றவற்றைத் தேடுங்கள். செயலியின் தேடல் பெட்டியில் எழுத்தாளர் பெயரைப்போலவே வாசிப்பாளர் பெயரையும் போடலாம். உங்களுக்கு அறிமுகமே இல்லாத எழுத்தாளர்கள் அந்த வழியாக வந்துசேர்வார்கள். என் அலமாரியில் இருக்கும் அச்சுப் புத்தகங்களில் கால்வாசி, ஒரு குரலின் பின்னால் போய் நான் கண்டுபிடித்த எழுத்தாளர்களுடையவை.

என் வக்கீலைக் காட்டிக்கொடுத்த வாசிப்பாளரையும் அப்படித்தான் மறுபடி சந்தித்தேன். வேறொன்றைத் தேடப் போன இடத்தில் அவர் பெயர் கண்ணில் பட்டது. ஓய்வுபெற்ற கப்பல் சமையல்காரர் ஒருவர் தன் கதையைத் தானே சொல்லும் நாவல். மறைக்க வேண்டிய ஆள் யாரும் அதில் இல்லை, முழுக்க ஒரே கிழவரின் பேச்சு. தயங்கித்தான் மாதிரியை அழுத்தினேன். முதல் வாக்கியத்துக்கு முன்பே அந்தச் செருமல் வந்தது. அந்தக் கிழவருக்கு அது கச்சிதமாகப் பொருந்தியிருந்தது. பதினான்கு மணி நேரம் போனதே தெரியவில்லை.